பிழை நில்லா மணல்: இளஞ்சிறார்க்கு விளையாட்டுவழி ஆங்கிலம் பயிற்றிய வரலாறு

இளஞ்சிறார்க்கு ஆங்கிலத்தை விளையாட்டின் வாயிலாகவும் அன்றாடச் செயல்களின் வாயிலாகவும் கற்பித்தல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சி நூல்கள் பலவும் இன்று ஒருமுகமாக ஒப்பும் கருத்தாகும். அக்கருத்து மேலைநாட்டிலே தோன்றி, அண்மைக் காலத்தில் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்ததென்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். வரலாற்றை நோக்குமிடத்து அவ்வெண்ணம் பாதியளவே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. இருநூறு ஆண்டுகட்கு மேலாக இம்முறை நம் மாநிலத்திற்கு ஒரு முறையன்று, பன்முறை வந்துள்ளது. ஒரு முறை நம் ஊர்த் திண்ணையிலிருந்தே புறப்பட்டுக் கடல் கடந்தும் சென்றுள்ளது. ஆயினும் சென்ற இடத்திலும் வந்த இடத்திலும் சின்னாளில் விளையாட்டு மறைய, வாய்பாடே எஞ்சிற்று. அஃது ஏன் அவ்வாறாயிற்று என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

தமிழாராய்ச்சி இதழொன்றில் ஆங்கிலக் கல்வியைப் பற்றிய கட்டுரைக்கு இடம் யாது என வினவுவாரும் உளராகலாம். நம் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பவை தமிழ்க் குழந்தைகள். கற்பிக்கும் ஆசிரியரும் தமிழரே. அக்குழந்தைகளின் முதற்பள்ளி தாயின் மடி. ஆதலின் இவ்வரலாற்றை அங்கிருந்து தொடங்குதலே முறை.

ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குரிய பத்துப் பருவங்களை நோக்குக. செங்கீரையாடலும், சப்பாணி கொட்டலும், அடியெடுத்து வருதலும், அம்புலியை ஆடவருமாறு அழைத்தலும், சிற்றில் சிதைத்தலும், சிறுபறை முழக்கலும், சிறுதேர் உருட்டலும் ஆகிய இவையெல்லாம் விளையாட்டே. புலவர்கள் இவற்றைத் தாமே படைத்தாரல்லர். வீடுகளில் கண்டவற்றை எடுத்துக் கவிதையாக்கினர். ‘வா’ என்னும் சொல்லின் பொருளைத் தாய் குழந்தைக்கு விளக்குவதில்லை. இரு கையையும் நீட்டிக்கொண்டு ‘வா’ என்கிறாள். குழந்தை தள்ளாடி வருகின்றது. சொல்லும் செயலும் ஒருங்கே பதிகின்றன. மழலையில் எத்துணைப் பிழை இருப்பினும் அதனைத் திருத்துவாரில்லை, சுவைப்பாரே உளர். இதனை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடம் தாயின் மடிபோல மென்மையானதன்று. அங்குப் பிரம்பு இருந்தது. பொருளறியா மனப்பாடமும் இருந்தது. பழமையைப் போற்றும் ஆர்வத்தால் அவற்றை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. எனினும் அப்பள்ளியில் நம் பொருளுக்கு இன்றியமையாத மூன்று கூறுகள் இருந்தன. ஒன்று, தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுத்தைப் பழகுதல். மற்றொன்று, மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தல். மூன்றாவது, மாலையில் பள்ளி விடும்போது பிள்ளைகளுக்குப் பூ, பறவை, விலங்கு முதலியவற்றுள் ஒன்றன் பெயரைச் சொல்லியனுப்பும் வழக்கம், டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இதனைக் காட்டுகின்றது. சொல்லை நினைவில் ஏந்தி வீடு செல்லுதல் ஒரு சிறு விளையாட்டன்றோ?

இம்மூன்றனுள் முதலிரண்டும் ஆங்கிலக் கல்வியிற் புகுந்த கதை சென்னை எழும்பூரில் நிகழ்ந்தது. 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்துலாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் நிறுவப்பெற்ற படைவீரர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளரானார். அக்காப்பகத்துச் சிறுவர்கள் ஐரோப்பியப் படைவீரர்களின் மக்கள்; அவருட் பலர்க்குத் தாய்மார் இந்நாட்டினர். அவர்களுக்கு ஆங்கில எழுத்தைப் பயிற்றுதல் பெரும்பாடாக இருந்தது. ஒருநாட் காலையில் குதிரைமீது உலாவச் சென்ற பெல், ‘மலபார்’ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். ‘மலபார்’ என்னும் சொல்லைக் கண்டு சிலர் இப்பள்ளியைச் சேரநாட்டுக் கரைக்குக் கொண்டுசெல்வர். அது பொருந்தாது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் ‘மலபார்’ என்றே வழங்கினர். எழும்பூரிலிருந்து காலையுலாவிற்குப் புறப்பட்டவர் மேலைக் கடற்கரைக்குச் சென்று மீண்டிருத்தலும் இயலாது. அவர் கண்டது சென்னையை அடுத்த தமிழ்த் திண்ணைப் பள்ளியே என யாம் துணிகின்றோம்.

கண்டதைத் தம் பள்ளியில் நடைமுறைப்படுத்த விரும்பிய பெல், கீழ்வகுப்பு ஆசிரியரை அவ்வாறு கற்பிக்கப் பணித்தார். அவ்வாசிரியர் இசைந்திலர், அஃது இயலாதென்றே கூறினார். அதன்மேல் பெல் ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். அவன் சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகன். வளர்ந்த ஆசிரியரால் ஆகாதென விடப்பட்டது சிறுவனால் ஆயிற்று. மணலில் எழுதுதலோடு சட்டாம்பிள்ளை முறையும் இவ்வாறு உடன் புகுந்தது.

அச்சிறுவன் வென்றதற்குக் காரணம் யாது? தாள், மை ஆகியவற்றின் செலவு குறைந்ததைப் பலரும் குறிப்பர். யாம் கருதுவது வேறு. தாளில் எழுதிய பிழை அழியாது நின்று எழுதியவனைக் காட்டிக்கொடுக்கும். மணலிலோ பிழை நிற்பதில்லை. கையால் ஒருமுறை தடவினால் அது போயிற்று. மீண்டும் எழுதலாம், நூறு முறையும் எழுதலாம். சொல்லிக்கொடுப்பவனும் எட்டு வயதினனாதலின், அவன்முன் பிழை செய்ய நாணுவாரில்லை. எழுதுதல் விளையாட்டாயிற்று என்பது இந்நிலையையே குறிக்கும். பிழைக்கு ஒறுப்பில்லாத இடமே விளையாட்டிடம்.

பெல் 1796இல் சென்னையை விட்டு நீங்கி, மறு ஆண்டு தம் சென்னைச் சோதனையைப் பற்றி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் நிறுவிய தேசியக் கழகம் அம்முறையை நாடெங்கும் பரப்பிற்று. சென்னை முறை என்பதே அதற்குப் பெயர். அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காத்துலாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என வழங்குகின்றது. நம் தலைநகர் 1996இல் அப்பெயரை நீக்கிக்கொண்டது. கடலுக்கு அப்பால் அது நிலைத்துவிட்டது. ஆனால் அங்குச் சென்ற முறை என்னவாயிற்று? நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் வரிசையாக நிறுத்தி, கட்டளைக்கு எழுந்து, கட்டளைக்கு அமரச் செய்யும் படைப்பயிற்சியாக மாறிற்று. மணற்பலகை இருந்தது, சட்டாம்பிள்ளை இருந்தான், மணலின் இயல்பு மட்டும் இல்லாதொழிந்தது.

இனி, எழுத்தை விடுத்துப் பேச்சிற்கு வருவோம். பிறமொழிப் பேச்சைச் செயலின்வழிக் கற்பித்தல் என்னும் கொள்கைக்கு ஐரோப்பாவில் ஒரு சிறு குழந்தை ஆசானாக இருந்த செய்தி சுவையுடையது. பிரான்சுவா குவென் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் செருமானிய மொழியைக் கற்கும் பொருட்டு ஹாம்பர்க் நகருக்குச் சென்றார். இலக்கண நூலை மனப்பாடம் செய்தார். வினையடிகளை மனப்பாடம் செய்தார். இறுதியில் அகராதியையே மனப்பாடம் செய்தார். அத்துணை முயன்றும் அந்நகரத்தார் பேசுவது அவர்க்கு விளங்கவில்லை. மனம் சோர்ந்து ஊர் திரும்பியபோது, அவர் செல்லுங்கால் பேச்சறியாதிருந்த மருமகன் மூன்று வயதில் தாய்மொழியைத் தடையின்றிப் பேசக் கண்டு வியந்தார். ஒருநாள் அக்குழந்தை தாயுடன் மாவு ஆலையொன்றைப் பார்த்து வந்தது. வந்ததும் சிறு பைகள் வேண்டுமென்றது. சிறு ஆலையும் வேண்டுமென்றது. பைகளில் மணலை நிரப்பி, பெரும்பாரம் சுமப்பான்போல் முகஞ்சுளித்துத் தோளில் ஏற்றி, ஆலையிற் கொட்டி, செய்த ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடிற்று. இங்கும் மணல் வந்தது தற்செயலே.

இக்காட்சியிலிருந்து குவென் தம் தொடர்முறையை வகுத்து 1880இல் நூலாக வெளியிட்டார். 1892இல் அஃது ஆங்கிலத்தில் வந்தது. ஒரு செயலை அடுத்தடுத்த சிறு செயல்களாகப் பகுத்து, செய்துகொண்டே சொல்லுதல் அம்முறை. ‘கதவை நோக்கி நடக்கிறேன், கதவருகில் நிற்கிறேன், கதவைத் திறக்கிறேன்’ என்பது அதற்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு. கூர்ந்து நோக்கின் ஆசிரியர் எதனை எடுத்துக்கொண்டார், எதனை விட்டார் என்பது புலப்படும். குழந்தைக்கு ஆலை வேண்டியிருந்தது. அவ்வேட்கையினின்று பேச்சுப் பிறந்தது. வகுப்பறை மாணவனுக்கோ கதவு வேண்டியதில்லை. செயலின் வரிசையைக் குவென் கண்டார். செயலைத் தூண்டிய வேட்கை வாய்பாட்டிற்குள் அடங்கவில்லை. பின்னர் 1925இல் ஹெரால்ட் பாமர், டோரத்தி பாமர் ஆகிய இருவரும் தோக்கியோவில் வெளியிட்ட ‘செயல்களின்வழி ஆங்கிலம்’ என்னும் பொருள்படும் நூலும் இவ்வழியதே. ஆசிரியர் ஏவ மாணவர் செய்தல் அதன் அடிப்படை.

சென்னைக்கு மீள்வோம். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டின் நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாற்றிற்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் ஓலைக் கொட்டகைகளில் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940இல் இத்தாலி போரிற் புகுந்ததும், இத்தாலியக் குடியினராகிய அம்மையார் ஆங்கில அரசின் கட்டுப்பாட்டிற்கு உள்ளானார். அவர் மகன் மாரியோ சிறையிடப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளில் அரசு மகனை விடுவித்தது. அடையாற்றிலும் பின்னர்க் கொடைக்கானலிலும் தங்கி, 1946இல் அவர் ஐரோப்பா திரும்பினார்.

மாண்டிசோரி அம்மையார் ஆங்கிலம் கற்பிக்க வந்தாரல்லர். எனினும் இரு செய்திகள் நம் பொருளைச் சார்ந்தவை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லுதல் அவர் முறைகளுள் ஒன்று. இதனைக் கண்டு நம் திண்ணை மணலே ரோமாபுரிக்குச் சென்றதென உரைப்பது மிகை. அம்மையார் இதார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் வழியைத் தாம் பின்பற்றியதாகவே கூறியுள்ளார். மற்றொன்று, அவருடைய கருவிகளிற் பல, குழந்தை தன் பிழையைத் தானே காணுமாறு அமைந்திருத்தல். துளையிற் பொருந்தாத உருளை தானே பிழையைச் சொல்லிவிடும், ஆசிரியர் குறுக்கிடவேண்டுவதில்லை. எழும்பூரில் மணல் செய்த தொழிலை இங்கு மரமும் தாளும் செய்தன. இந்நுட்பத்தை விட்டு, அம்மையாரின் பெயரை மட்டும் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்ட பள்ளிகள் பின்னர்ப் பலவாயின.

அடுத்து வந்த முயற்சி அளவாற் பெரியது. 1950களில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலக் கல்விக்கு அமைப்புமுறைப் பாடத்திட்டம் இடம்பெற்றது. மொழியின் வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பொருளைக் காட்டியும் செயலைச் செய்தும் வகுப்பில் அறிமுகப்படுத்துதல் அதன் நெறி. இந்நெறியைத் தொடக்கநிலை ஆசிரியர்க்குப் பயிற்றும் பொருட்டு, அப்பத்தாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு பேரியக்கம் ஒன்று எழுந்தது. ஐதராபாத்தில் 1958இல் மைய ஆங்கில நிறுவனம் தோன்றியதும் இக்காலத்தே. இவ்வியக்கத்தைப் பற்றி 1962இல் கட்டுரை எழுதிய டி. ஏ. ஸ்மித் அதற்கு இட்ட பெயர் ‘சென்னைப் பனியுருண்டை’. மறுபயிற்சி பெறவேண்டியிருந்த ஆசிரியர் தொகை 27,000. சிலர் பலர்க்குப் பயிற்றுவர், அப்பலர் மேலும் பலர்க்குப் பயிற்றுவர் என்பதே அதன் ஏற்பாடு. உருள உருளப் பருக்கும் என்பது உவமை. பனியையே காணாத சென்னைக்கு இவ்வுவமை எவ்வாறு வந்ததென எண்ணி யாம் நகைத்ததுண்டு. நம் வெயிலில் பனியுருண்டை உருண்டால் பருக்குமா, கரையுமா?

அவ்வியக்கத்தை எள்ளுதல் எம் நோக்கமன்று. பாட்டையும் படத்தையும் பொருளையும் செய்கையையும் வகுப்பறைக்குள் கொணர்ந்த பெருமை அதற்குண்டு. ஆயின் அமைப்புமுறையின் அடிப்படைக் கொள்கையே விளையாட்டிற்கு மாறானது. பிழை என்பது தீய பழக்கம். ஒருமுறை நாவிற் படிந்தால் நீங்காது. ஆதலின் பிழை நேராதவாறு காத்தல் வேண்டும் என்பது அக்காலத்து மொழியியலாரும் உளவியலாரும் கொண்ட கோட்பாடு. மணலுக்கு நேர் எதிரானது இது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்து, ‘ஐ ஆம் வாக்கிங் டு த டோர்’ என்பார். வகுப்பு முழுதும் ‘ஹீ இஸ் வாக்கிங் டு த டோர்’ என்று கூவும். குவெனின் கதவு எண்பது ஆண்டு கழித்து நம் ஊர்ப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. குழந்தையின் ஆலை வரவில்லை.

மேலும், அவ்வாசிரியர்களின் நிலையைக் கருதுதல் வேண்டும். அவர்களிற் பலர் ஆங்கிலத்தை ஏட்டளவிற் கற்றவர். அம்மொழியில் வழக்காடியோ சினந்தோ சிரித்தோ அறியாதவர். தாம் பிழை செய்வோமோ என்னும் அச்சத்தோடு, பிழை செய்யலாகாது என்னும் கட்டளையும் அவர்க்கு இடப்பட்டது. பயிற்சியிற் பெற்ற வாக்கியத்தினின்று ஒரு சொல்லும் விலகாதிருத்தலே அவர்க்குப் பாதுகாப்பாயிற்று. அவரைக் குறைகூறுதல் எளிது. அவ்விடத்தில் நாம் இருப்பினும் அதனையே செய்திருப்போம்.

இக்கொள்கையை உள்ளிருந்தே மறுத்தவர் என். எஸ். பிரபு. சென்னையிற் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய இவர், பெங்களூரிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் தொடர்போடு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். அறிஞருலகில் அது பெங்களூர்த் திட்டம் என வழங்குகின்றது. மொழியின் வடிவத்தில் கருத்தைச் செலுத்தாது, பொருளில் கருத்தைச் செலுத்தும்போதுதான் வடிவம் நன்கு படிகின்றது என்பது அவர் கோள். வாக்கியப் பயிற்சி அங்கில்லை. புகைவண்டி நேர அட்டவணையொன்று கொடுக்கப்படும். இன்ன நேரத்திற்குள் இன்ன ஊரை அடைய எவ்வண்டியில் ஏறவேண்டும் என்பது வினா. நிலப்படத்தைக் காட்டி வழி கேட்பதும் உண்டு. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு சிக்கலை அவிழ்ப்பார். பின்னர் அதுபோன்ற மற்றொன்றை மாணவர் தாமே அவிழ்ப்பர். விடை சரியா என்பதே கணக்கு. விடையைக் கூறிய ஆங்கிலம் பிழைபட்டிருப்பின், ஆசிரியர் பேச்சோடு பேச்சாக அதனைத் திருந்திய வடிவிற் சொல்லி மேலே செல்வார்.

தமிழ் மாணவர்க்கு இம்முறை புதியதன்று. விடை காணும் வேட்கையால் சொல்லை ஆராயத் தூண்டும் விடுகதையின் இயல்பு இதுவே. தொல்காப்பியர் அதனைப் ‘பிசி’ எனப் பெயரிட்டுப் பாட்டு, உரை முதலியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினார். விளையாட்டிற்கு அவர் கொடுத்த மதிப்பை நம் பாடத்திட்டங்கள் கொடுத்ததில்லை.

பெங்களூர்த் திட்டத்தின் பயனை அலன் பெரெட்டா, அலன் டேவிஸ் என்னும் இருவர் 1985இல் ஆராய்ந்து, பிரபுவின் கோளுக்கு ஓரளவு ஆதரவான முடிவை வெளியிட்டனர். ஆனால் எமக்குப் பெரிதாகத் தோன்றுவது பெரெட்டா பின்னர்ச் செய்த மற்றோர் ஆய்வு. இம்முறையை யார் எவ்வளவு கைக்கொண்டனர் என அதில் நோக்கினார். பயிற்சி நிறுவனங்களிலிருந்து வந்து கற்பித்தோர் அதனை நன்கு கையாண்டனர். அப்பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் இடர்ப்பட்டனர். வரையறுத்த வாக்கியம் இல்லாத வகுப்பில் மாணவன் எதனையும் கேட்கலாம். ஆசிரியர் அந்நொடியே ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லவேண்டும். அதற்கு அம்மொழியில் அச்சமின்மை வேண்டும். மாணவனின் பிழையைப் பொறுக்கும் உள்ளம், தன் பிழையைப் பொறுத்துக்கொண்ட ஆசிரியர்க்கே வாய்க்கும். எழும்பூர்க் காப்பகத்து ஆசிரியர் மறுத்ததையும் பிரிஸ்கன் ஏற்றதையும் இவ்வொளியில் மீண்டும் நோக்குதல் தகும்.

பிந்தைய வரலாறு பலரும் அறிந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று; ஆந்திர மாநிலத்து ரிஷிவேலிப் பள்ளியார் வகுத்த அட்டைமுறை அதற்கு வழிகாட்டி. 2007–08ஆம் கல்வியாண்டில் அது மாநிலமெங்கும் பரவிற்று. பாயில் வட்டமாக அமர்ந்து, தாழ்ந்த கரும்பலகையில் தாமே எழுதி, ஏணிப்படி ஏணிப்படியாக அட்டைகளைக் கடந்து செல்லும் சிறாரைக் காணுதல் இனிய காட்சியே. தமிழ் அட்டையைக் குழந்தை தானே கையாளும். அதன் ஒலி வீட்டில் கேட்ட ஒலி. ஆங்கில அட்டைக்கு ஒலி எங்கிருந்து வரும்? ஆசிரியரின் வாயிலிருந்தே வரவேண்டும். இக்குறையை அக்கால ஆய்வுகள் போதிய அளவு கருதவில்லை என்பது எம் எண்ணம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புச் சிறார் அரும்பு, மொட்டு, மலர் எனத் தம் நிலைக்கேற்பப் பிரிந்து, தமிழும் கணக்கும் போலவே ஆங்கிலத்தையும் பாட்டாலும் கதையாலும் பொம்மலாட்டத்தாலும் பயின்றனர். பெயர்கள் அழகியவை, கருவிகளும் நல்லன.

இத்தகைய வகுப்பொன்றைக் காணும் பொருட்டு யாம் ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் ஒரு பகல் தங்கியிருந்தோம். ஆங்கிலப் பாடவேளையில் கடை விளையாட்டு நடந்தது. பிளாஸ்டிக்குப் பழங்களைப் பரப்பி ஒரு சிறுமி அமர்ந்திருந்தாள். வாங்க வந்த சிறுவன் கற்றவாறே விலை கேட்டான்; அவளும் கற்றவாறே விடை சொன்னாள். ஆசிரியை ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எம் முகத்தை நோக்கினார். எம் வரவே அவருக்கு இடையூறாயிற்றென்பதை உணர்ந்து நாணினோம். விளையாட்டு முடிந்ததும் அச்சிறுமி பழங்களை எண்ணிக் கூடையிலிட்டு, ஒன்று குறைவதைத் தமிழில் கூவி அறிவித்தாள். அதுவே அப்பாடவேளையில் உயிரோடு எழுந்த பேச்சு.

நண்பகலில் சத்துணவு பரிமாறப்பட்டது. முட்டை வழங்கும் பொறுப்பை ஆசிரியையே ஏற்றிருந்தார். அவ்வேளையில் மட்டும் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுவது அவர் தாமே ஏற்படுத்திக்கொண்ட வழக்கமாம். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாதது. யாம் தூணின் மறைவில் அமர்ந்திருந்ததை அவர் மறந்துவிட்டார் போலும். ‘ஒன் எக்?’ என்றார். ‘டூ எக், டீச்சர்!’ என்றான் ஒருவன். வரிசை முழுதும் சிரித்தது. ஆசிரியையும் சிரித்து, ‘நோ, நோ, ஒன்லி ஒன்’ என்றார். பன்மை விகுதி இல்லாமற்போனதை எவரும் கருதிற்றிலர். அடுத்து நின்ற சிறுவன் தன் தட்டையும் முன் சென்றவன் தட்டையும் மாறிமாறி நோக்கினான். பின்பு, ‘டீச்சர், மை எக் ஸ்மால்’ என்றான். ஆசிரியை குனிந்து பார்த்தார். அதனை எடுத்துவிட்டுச் சற்றே பெரிய முட்டையொன்றைத் தேடி அவன் தட்டில் வைத்தார்.